மின்சிகரெட்: விருப்பக் கலவையா, ஒரே தரமா?

மின்சிகரெட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: தடை செய்யலாமா, வேண்டாமா? ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் திரவத்தையும் அதைச் சூடாக்கும் சக்தியையும் முடிவு செய்வது யார்? பயன்படுத்துபவரா, தயாரிப்பாளரா, சட்டமா?

2025-இல் மலேசிய சுகாதார அமைச்சு, மின்சிகரெட் தடையைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவருவது பற்றிப் பேசியபோது, முதலில் கைவைக்கப்போவது ‘திறந்த வகை’ கருவிகளில்தான் என்று தெரிவித்தது. பலருக்கு அந்தச் சொல்லே புதிது. திறந்த வகை என்றால் என்ன, மூடிய வகை என்றால் என்ன, ஒன்றைவிட மற்றொன்று ஏன் அதிகக் கவலை தருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த விவாதம் பாதி விளங்கிவிடும்.

கருவி இரண்டு வகை

எல்லா மின்சிகரெட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு மின்கலம், அதனால் சூடாகும் ஒரு கம்பிச்சுருள் (காயில்), சுருளுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு, திரவம் நிற்கும் சிறு தொட்டி, வாயில் வைக்கும் முனை. சுருள் சூடாகும்போது பஞ்சில் ஊறிய திரவம் நுண்துளிகளாக மாறி, புகைபோல வெளிவருகிறது. இன்றைய மின்சிகரெட்டின் வடிவத்தை 2003-இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தியலாளர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

மூடிய வகையில் இவை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். திரவம் நிரப்பிய ‘பாட்’ எனும் சிறு குப்பியை வாங்கிச் செருகலாம். அல்லது திரவம் தீர்ந்ததும் மொத்தக் கருவியையும் வீசிவிடலாம். சுவை, நிக்கோட்டின் அளவு, சூடு எதையும் மாற்ற முடியாது.

திறந்த வகையில் எல்லாவற்றையும் மாற்றலாம். மின்கலப் பெட்டி (மோட்) ஒருவரிடமும், தொட்டி இன்னொருவரிடமும், திரவம் மற்றொரு கடையிலும் வாங்கலாம். கம்பியை வாங்கித் தாமே சுருள் சுற்றி, பஞ்சு வைத்து, வேண்டிய வாட்டில் சூடாக்கிக்கொள்வோரும் உண்டு. திரவத்தைத் தாமே கலப்பவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் வேப் கடைகள் பெருகிய காலத்தில் வளர்ந்தது இந்தத் திறந்த வகைப் பழக்கம்தான். மாம்பழமும் குளிர்ச்சியும் கலந்த உள்ளூர்த் திரவங்கள் வெளிநாட்டுச் சந்தைகளிலும் பெயர் பெற்றன.

திரவத்தில் இருப்பது நான்கு பொருள்

இளையோர் ‘ஃபிளேவர்’ என்று சொல்லும் திரவத்தில் பொதுவாக நான்கு பொருள்கள் உள்ளன: புரோபிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின், சுவையூட்டி, நிக்கோட்டின்.

புரோபிலீன் கிளைக்கால் நீர்த்தது; சுவையை நன்றாகச் சுமக்கும், தொண்டையில் ஒரு உரசலைத் தரும். கிளிசரின் கெட்டியானது, அடர்த்தியான ஆவியைத் தரும். கிளிசரின் 70, கிளைக்கால் 30 என்ற விகிதத்தில் கலந்தால் பெரிய மேகம். பாதிக்குப் பாதி கலந்தால் சிறு பாட் கருவிக்கு ஏற்ற மெல்லிய திரவம். கெட்டித் திரவத்தைச் சிறு கருவியில் ஊற்றினால் பஞ்சு போதுமான வேகத்தில் ஊறாமல் காய்ந்து கருகும்.

தனித்தேர்வை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் முக்கிய வாதம் நிக்கோட்டினைப் பற்றியது. சிகரெட்டை விட நினைப்பவர் ஒரு மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராமில் தொடங்கி, 12, 6, 3 என்று இறங்கி, கடைசியில் நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு வரலாம். ஒரே அளவில் விற்கப்படும் பாட் கருவியில் இந்தப் படிக்கட்டு இல்லை. நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட், நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங் கம் போன்றவற்றைவிட அதிகமானோரைப் புகைப்பழக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது என்று கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. அதே வேளையில், கடைகளில் விற்கப்படும் மின்சிகரெட்டுகள் மக்கள்தொகை அளவில் புகைப்பழக்கத்தை ஒழிக்க உதவுவதாக நிரூபிக்கப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. முன்னது மருத்துவ ஆய்வுக்கு உட்பட்ட புகைப்பிடிப்பாளர்களைப் பற்றியது. பின்னது, இதுவரை புகைக்காத பிள்ளைகளும் வாங்கும் திறந்த சந்தையைப் பற்றியது.

சுதந்திரத்தின் அடியில் ஒரு தரம்

விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கமே ஒரு பொதுத் தரத்தின் மேல்தான் நிற்கிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

ஒரு நிறுவனத்தின் தொட்டி வேறொரு நிறுவனத்தின் மின்கலப் பெட்டியில் எப்படிப் பொருந்துகிறது? இரண்டிலும் ‘510’ என்று அழைக்கப்படும் ஒரே திருகுமறை இருப்பதால். தொடக்ககாலக் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்த இந்த இணைப்பை எந்த அரசும் விதிக்கவில்லை, சந்தையே ஏற்றுக்கொண்டது. அதேபோல் ‘18650’ என்ற மின்கலம். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். பழைய மடிக்கணினிகளிலும் கைவிளக்குகளிலும் இருந்த அதே அளவு என்பதால், எந்தக் கடையிலும் கிடைத்தது. எந்தப் பெட்டியிலும் பொருந்தியது.

ஆனால் அளவு ஒன்றாக இருப்பதால் திறனும் ஒன்று என்று ஆகிவிடாது. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

கணக்குத் தவறினால்

இடைநிலைப்பள்ளி அறிவியலில் படிக்கும் ஓம் விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய மின்கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.5 ஓம் என்றால், பாயும் மின்னோட்டம் 8.4 ஆம்பியர். தரமான 18650 மின்கலம் இதைத் தாங்கும்.

பெரிய மேகத்துக்காகச் சுருளின் தடையை 0.1 ஓமாகக் குறைத்தால், மின்னோட்டம் 42 ஆம்பியருக்குத் தாவும். நல்ல 18650 மின்கலங்கள் பலவற்றால்கூடத் தொடர்ச்சியாக 20 முதல் 30 ஆம்பியர் வரைதான் தர இயலும். மின்னணுப் பலகை உள்ள பெட்டி இதைக் கண்டுகொண்டு நின்றுவிடும். ‘மெக்கானிக்கல் மோட்’ என்ற வகையில் அந்தப் பலகையே இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்கலத்துக்கும் சுருளுக்கும் நடுவே தடுப்பாரில்லை. மின்கலத்தின் மேலுறை கிழிந்திருந்தாலோ, சாவிக்கொத்துடன் சட்டைப்பையில் கிடந்தாலோ, குறுக்குச்சுற்று ஏற்பட்டு வெடிக்கக்கூடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சஸிலும் மின்சிகரெட் வெடித்து இருவர் உயிரிழந்தனர்.

திரவத்தில் நடக்கும் தவறு சத்தமில்லாமல் நடக்கும். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள செறிவூட்டிய நிக்கோட்டினைக் கொண்டு, 3 மில்லிகிராம் அளவில் 60 மில்லிலிட்டர் திரவம் கலக்க ஒருவர் முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவையான மொத்த நிக்கோட்டின் 180 மில்லிகிராம். அதாவது செறிவூட்டிய திரவத்தில் 1.8 மில்லிலிட்டர். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளி 18 மில்லிலிட்டர் ஊற்றினால், கிடைப்பது 3 அல்ல, 30 மில்லிகிராம். நிறமோ மணமோ இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்காது.

வீட்டில் குழந்தை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். செறிவூட்டிய நிக்கோட்டின் விழுங்கப்பட்டாலும், தோலில் பட்டாலும் உடலில் ஏறும் நஞ்சு. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் நிக்கோட்டின் திரவத்தை விழுங்கிய ஒரு குழந்தை இறந்தது. அதன்பின் அமெரிக்காவில், குழந்தைகள் திறக்க முடியாத மூடியை நிக்கோட்டின் புட்டிகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பழச்சுவை மணம் வீசும் வண்ணப் புட்டிக்கு இந்த ஒரு மூடி எவ்வளவு முக்கியம் என்பதைப் பெற்றோர் எளிதில் உணர்வார்கள்.

உண்பது வேறு, சுவாசிப்பது வேறு

சுவையூட்டி விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: “இது உணவுத் தரம்.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உணவுத் தரம் என்பது வயிற்றுக்குச் செய்த சோதனை, நுரையீரலுக்குச் செய்ததன்று.

இதற்குத் தெளிவான சான்று டயாசெட்டில். வெண்ணெய் மணம் தரும் இந்தப் பொருள் உணவில் நெடுநாளாகப் பயன்பட்டு வந்தது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோரிடம் மீளமுடியாத நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. ‘பாப்கார்ன் நுரையீரல்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவர்கள் அதைத் தின்றதால் நோய் வரவில்லை. வேலையிடத்தில் அதன் ஆவியைச் சுவாசித்ததால் வந்தது.

கஸ்டர்ட், வெண்ணெய், கேரமல் சுவைத் திரவங்கள் சிலவற்றில் இதே பொருள் இருப்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டனர். பிரிட்டனில் மின்சிகரெட் திரவத்தில் டயாசெட்டில் சேர்க்க அனுமதியில்லை. ஆனால் வீட்டில் கலப்பவருக்குக் கேக் கடையில் கிடைக்கும் சுவையூட்டியில் என்ன இருக்கிறது என்று யார் சோதித்துச் சொல்வது?

எண்ணெய் கலந்த பொருள்களும் அப்படியே. 2019-இல் அமெரிக்காவில் திடீரென்று இளையோர் பலர் கடும் நுரையீரல் பாதிப்புடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. பெரும்பாலானோர் பயன்படுத்தியது கள்ளச் சந்தையில் வாங்கிய, கஞ்சாவின் போதைப்பொருள் நிரப்பிய குப்பிகளை. அந்தத் திரவத்தைக் கெட்டியாகக் காட்டக் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே முக்கியக் காரணம் என்று மையம் முடிவுக்கு வந்தது. தோலில் பூசும் களிம்பிலும் மாத்திரையிலும் தீங்கு செய்யாத பொருள், நுரையீரலுக்குள் போனதும் உயிரைப் பறித்தது.

சோதனைக்கூடத்தின் சிக்கல்

‘அப்படியானால் ஒவ்வொரு கருவியையும் சோதித்து அனுமதித்தால் போதுமே’ என்று தோன்றலாம். தனித்தேர்வு இங்கே ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது.

மின்சிகரெட்டின் ஆவியை அளப்பதற்கு அனைத்துலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2018-இல் இயந்திரச் சோதனை முறை ஒன்றை வெளியிட்டது. ஒரு இழுப்பு 55 மில்லிலிட்டர், நீளம் 3 வினாடி, 30 வினாடிக்கு ஒரு முறை. இப்படி எல்லாக் கூடமும் ஒரே விதத்தில் இழுத்தால்தான் இரு கருவிகளை ஒப்பிட முடியும். மூடிய கருவிக்கு இது பொருந்தும். திறந்த கருவிக்கு எந்தச் சுருள், எத்தனை வாட், எந்தத் திரவம் என்று வைத்துச் சோதிப்பது?

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதை விளக்கும். மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் வைத்தபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருள் தென்படவில்லை. அதே திரவத்தை 5 வோல்ட்டில் சூடாக்கியபோது தென்பட்டது. அந்த அளவுச் சூட்டில் பஞ்சு கருகிய சுவை வந்து, மனிதர் எவரும் தொடர்ந்து இழுக்கமாட்டார் என்று விமர்சகர்கள் பதில் சொன்னார்கள். அந்த விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பும் மறுக்காத ஒன்று இருக்கிறது: ஒரே திரவம், ஒரே கருவி; குமிழைத் திருப்பியதும் வெளிவருவது வேறு. அப்படியானால் ஒருமுறை செய்த சோதனை எல்லாப் பயன்பாட்டுக்கும் உத்தரவாதம் தராது.

ஒரே அளவு என்றால் பாதுகாப்பா?

இதையெல்லாம் படித்தபின், மூடிய வகையே நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். அதிலும் அவசரம் கூடாது.

2015-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூல் என்ற பாட் கருவி, ஒரே தரத்தின் உச்சம். கையடக்க வடிவம், 0.7 மில்லிலிட்டர் குப்பி, மாற்றுவதற்கு எதுவுமில்லை. ஆனால் அதன் திரவத்தில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 59 மில்லிகிராம் நிக்கோட்டின் இருந்தது. சாதாரண நிக்கோட்டின் அந்த அளவில் தொண்டையை எரிக்கும். பென்சோயிக் அமிலம் சேர்த்து ‘நிக்கோட்டின் உப்பு’ ஆக்கியதால் எரிச்சல் குறைந்தது. எரிச்சல் குறைந்ததால் புதிதாகத் தொடங்குபவரும் எளிதாக இழுத்தனர். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்களிடையே மின்சிகரெட் பரவியதில் இந்த வகைக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கணக்கைப் பாருங்கள். 3 மில்லிகிராம் திரவத்தை ஒருவர் 10 மில்லிலிட்டர் தீர்த்தால், அதில் இருந்த நிக்கோட்டின் 30 மில்லிகிராம். அந்தச் சிறு குப்பி ஒன்றில் இருந்தது ஏறக்குறைய 41 மில்லிகிராம். பெரிய மேகம் விடுபவரே அதிகம் எடுத்துக்கொள்கிறார் என்று கண் சொல்லும். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது.

அதே நிறுவனம் ஐரோப்பாவில் விற்றபோது, அங்குள்ள சட்டத்தின்படி அளவை 20 மில்லிகிராமுக்குள் குறைத்தது. ஆகவே, தொழிற்சாலை நிர்ணயிக்கும் ‘ஒரே அளவு’ வேறு. பொதுநலனுக்காகச் சட்டம் நிர்ணயிக்கும் ‘ஒரே தரம்’ வேறு. முன்னது விற்பனைக்கானது.

மூடிய வடிவம் உள்ளே இருப்பதற்கும் உத்தரவாதம் தராது. சிங்கப்பூரில் ‘கேபாட்’ என்று அழைக்கப்படும் குப்பிகள் இதற்குச் சாட்சி. பார்வைக்கு அவை வழக்கமான பாட் குப்பிகள்தான். உள்ளே இருப்பது, மருத்துவமனையில் மயக்கம் தரப் பயன்படும் எட்டோமிடேட். பறிமுதல் செய்த மின்சிகரெட்டுகளில் 100-ஐச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாகச் சிங்கப்பூர் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் 2025 ஜூலையில் தெரிவித்தார்.

ஒருமுறை பயன்படுத்தி வீசும் கருவிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் மின்கலம் குப்பைக்குப் போகிறது. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்ததற்கு, இளையோர் பயன்பாட்டுடன் இந்தக் குப்பையும் ஒரு காரணம்.

பிற நாடுகள் எப்படிக் கையாண்டன?

ஐரோப்பிய ஒன்றியம் 2016 மே 20 முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், திறந்த வகையைத் தடை செய்யாமல் எல்லை வகுத்தன. நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நிக்கோட்டின் புட்டி 10 மில்லிலிட்டர். தொட்டி 2 மில்லிலிட்டர். குழந்தைகள் திறக்க முடியாத மூடி. விற்பனைக்கு 6 மாதங்களுக்கு முன்பே அரசுக்கு அறிவிப்பு. இயல்பான பயன்பாட்டில் நிக்கோட்டின் சீரான அளவில் வெளிவர வேண்டும்.

சந்தை அதற்கும் ஒரு வழி கண்டது. 60 மில்லிலிட்டர் புட்டியில் நிக்கோட்டின் இல்லாத 50 மில்லிலிட்டர் திரவத்தை நிரப்பி, மேலே இடம் விட்டு விற்றார்கள். தனியே 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லிலிட்டர் நிக்கோட்டின் புட்டி. வாங்கியவர் இரண்டையும் கலந்தால் 60 மில்லிலிட்டரும் 3 மில்லிகிராம் திரவமாகிவிடும். சட்டம் மீறப்படவில்லை, ஆனால் தரப்படுத்த வந்த விதியே, இதுவரை கலக்காதவரையும் வீட்டில் கலக்க வைத்தது. ஆயினும் இதில் ஒரு பாதுகாப்பு எஞ்சியது. கலப்பவரின் கையில் இருப்பது 18 மில்லிகிராம் திரவம்; 100 மில்லிகிராம் அன்று. கைதவறினாலும் விளைவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. 2016 ஆகஸ்டு 8 முதல் மின்சிகரெட், உணவு, மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு சுவைக்கும் ஒவ்வொரு நிக்கோட்டின் அளவுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். கடையில் திரவம் கலந்து தருபவரும் சட்டப்படி ‘உற்பத்தியாளர்’ ஆனார். பல சுவைகளை வைத்திருந்த சிறு கடைக்கு இது தாங்க முடியாத செலவு; ஓரிரு பொருள் மட்டும் விற்கும் பெரிய நிறுவனத்துக்குத் தாங்கக்கூடியது. 2021 அக்டோபரில் கிடைத்த முதல் அனுமதி ஒரு பெரிய புகையிலை நிறுவனத்தின் மூடிய வகைக் கருவிக்கே. தரம் கடுமையாகும்போது சந்தை யார் கைக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மலேசியா எங்கே நிற்கிறது?

மலேசியாவில் விதிகள் ஒரே நேரத்தில் வரவில்லை. துண்டு துண்டாக வந்தன. 2021 ஜனவரி 1 முதல் கருவிகளுக்கு 10 விழுக்காடும், நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 40 சென்னும் கலால் வரி விதிக்கப்பட்டது. 2022-இல் கருவிகளுக்குச் சிரிம் தரச் சான்று கட்டாயமானது. ஆக, வெளியே இருக்கும் பெட்டிக்குத் தரம் வந்தது. உள்ளே இருக்கும் திரவம் அப்போது வேறு நிலையில் இருந்தது.

நிக்கோட்டின் திரவம் 1952-ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்ட நஞ்சு. சட்டப்படி அது கடைகளில் விற்கக்கூடாதது, ஆனால் விற்கப்பட்டது. 2023 மார்ச் 31-ஆம் தேதி அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு, மறுநாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. வரி வந்தது, வயது வரம்பு வரவில்லை. 2024-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நடப்புக்கு வரும்வரை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு நிக்கோட்டின் வேப்பைச் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் இல்லாமல் போனது.

இந்த இடைவெளி சிறியதன்று. 13 முதல் 17 வயது மாணவர்களில் மின்சிகரெட் பயன்படுத்துவோர் 2017-இல் 9.8 விழுக்காடாக இருந்து, 2022-இல் 14.9 விழுக்காடாக உயர்ந்ததைத் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. பெரியவர்களிடையே 2011-இல் 0.8 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 5.8 விழுக்காடானது.

சட்டம் 852-இன்கீழ் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். இணைய விற்பனைக்கும் தானியங்கி இயந்திர விற்பனைக்கும் இடமில்லை. விற்கும் பொருளைச் சுகாதார அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவுதான் திரவத்துக்கு வந்த தர அடையாளம். திறந்த கருவியில் பயன்படுத்துபவர் பின்னர் என்ன ஊற்றுகிறார் என்பதை மட்டும் எந்தப் பதிவும் பின்தொடர முடியாது. போதைப்பொருள் கலக்க எளிதானது என்பதால் திறந்த வகையை முதலில் தடை செய்யலாம் என்ற யோசனை இங்கிருந்தே பிறக்கிறது. மாநிலங்களில் ஜொகூரும் கிளந்தானும் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனையை நிறுத்தின. திரங்கானு 2025 ஆகஸ்டு 1 முதல் அதே வழிக்கு வந்தது.

சிங்கப்பூர் இந்தக் கேள்விக்குள்ளேயே நுழையவில்லை. 2018 பிப்ரவரி 1 முதல் அங்கே மின்சிகரெட்டை வாங்குவதும், வைத்திருப்பதும், பயன்படுத்துவதும் குற்றம். திறந்ததா மூடியதா என்ற வேறுபாடு இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் ‘சி’ பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் மலேசியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பையில் மறந்துபோன ஒரு பாட்கூட எல்லையில் குற்றமாகும்.

எதைத் தரப்படுத்துவது?

திறந்த வகையை மட்டும் அகற்றினால், ஒரு பகுதிப் பயனர்கள் மூடிய வகைக்குப் போவார்கள். இன்னொரு பகுதியினர் கள்ளச் சந்தைக்குப் போகலாம். மூடிய வகையை மட்டும் விட்டால், நிக்கோட்டின் அளவையும் உள்ளடக்கத்தையும் தொடர்ந்து சோதிக்காதவரை, சிங்கப்பூர் கண்ட அதே குப்பி இங்கேயும் வரும். வடிவத்துக்கு விதி எழுதுவது எளிது. உள்ளே இருப்பதற்கு விதி எழுதி, கடையிலிருந்து மாதிரி எடுத்து, கூடத்தில் சோதித்து, தவறியதை அகற்றுவது கடினம், செலவும் கூடுதல். பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பது அந்த இரண்டாவது வேலைதான்.

பெற்றோர் கவனிக்க

• கருவி பேனா, சிறு நினைவகக் குச்சி, மிட்டாய் டப்பா போன்ற வடிவங்களிலும் வரும். பழ மணம் மட்டும் வீசுவதால் புகை நாற்றத்தை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது.

• பிள்ளை தடுமாறி நடப்பது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது, திடீர் மயக்கம் ஆகியவை வெறும் நிக்கோட்டினால் வருவதாக எண்ணிவிட வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கருவியையும் திரவத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• வீட்டில் பெரியவர்கள் வேப் பயன்படுத்தினால், திரவப் புட்டியை மருந்தைப்போலப் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கினால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

• தனி மின்கலத்தைச் சாவி, நாணயத்துடன் பையில் போடக்கூடாது. மேலுறை கிழிந்த மின்கலத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது.

• விட விரும்புவோருக்கு மலேசியாவில் சுகாதார அமைச்சின் ‘எம்-குவிட்’ சேவையும், அரசு சுகாதார மருந்தகங்களில் புகைநிறுத்தச் சேவையும் உண்டு. சிங்கப்பூரில் 1800 438 2000 என்ற குவிட்லைன் எண்ணை அழைக்கலாம்.